பதினொரு வரிக்கு எத்தனை மதிப்பெண்?

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கணினித்துறை இறுதியாண்டுத் திட்டங்களுக்குத் தலைப்பு ஒப்புதல் தந்து மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் யாரிடமும் படித்தவன் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் சர்வர் அறைகளில், வெளியே முப்பத்திரண்டு டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவன். லினக்ஸ், பிஎஸ்டி என்ற இயங்குதளங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. உங்களுக்கு எழுத நேர்ந்தது என் அக்கா மகனால்.

அவன் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்தவன். மதிப்பெண் சுமார்தான். ஆனால் கணினியில் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. என் பழைய மடிக்கணினியில் ஒரு பிஎஸ்டி வகை இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டான்: "மாமா, பட்டியல் போட்டா இங்கிலீஷ் பேர் எல்லாம் வரிசையா நிக்குது. தமிழ்ப் பேர் வர்ற வரி மட்டும் ஏன் தள்ளாடுது?"

நல்ல கேள்வி. எனக்குப் பாதி விடைதான் தெரியும். நீயே தோண்டிப் பார் என்று விட்டுவிட்டேன்.

அவன் கண்டுபிடித்ததை 'அம்மா' என்ற சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் அதில் மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடைக் கேட்டால் ஐந்து குறியீடு: அ, ம, புள்ளி, ம, கால். யூடிஎஃப்-8 முறையில் வட்டில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 15. திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று, நிரல்கள் பொதுவாக நம்பியிருக்கும் சி நூலகத்தைக் கேட்டால் 4 என்று சொல்லும், புள்ளி தனியாக இடம் பிடிப்பதில்லை என்பதால். ஒரே அம்மாவுக்கு நான்கு கணக்கு. அந்தப் பட்டியலிடும் கட்டளையை எழுதியவர், ஆங்கிலத்தில் நான்கு கணக்கும் ஒன்றாகவே வரும் காலத்தில் எழுதியவர். அதனால் பைட்டை எண்ணி, அதையே கட்டம் என்று நினைத்துக்கொண்டு இடைவெளி விட்டிருந்தார். நான்கு கட்டச் சொல்லுக்குப் பதினைந்து கட்டம் போய்விட்டதாகக் கணக்கு வைத்தால் வரி தள்ளாடாமல் என்ன செய்யும்?

பைட்டை விட்டுவிட்டுக் கட்டத்தை எண்ணும்படி அந்தக் கட்டளையை மாற்றினான். பதினொரு வரி மாற்றம்.

அதோடு முடியவில்லை. மாற்றிய பிறகும் சில பெயர்கள் கண்ணுக்குச் சரியாக உட்காரவில்லை. பார்த்தால், நூலகத்தின் அட்டவணைப்படி 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம்! காரணம் யூனிகோடில் இருக்கிறது. இகரக் கொக்கி இடம் பிடிக்கும் குறி என்றும், ஈகாரக் கொக்கி இடம் பிடிக்காத குறி என்றும் அங்கே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியார் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார். நம் பையன் உடனே அட்டவணையைத் திருத்தக் கை நீட்டினான். பிறகு அவனே நிறுத்திக்கொண்டான். ஏனென்றால் திரையைக் காட்டும் டெர்மினல் நிரல் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். நூலகம் ஒன்று சொல்லி டெர்மினல் வேறொன்று நினைத்தால், எழுத்து அசிங்கமாகத் தெரிவதோடு நிற்காது, கர்சரே தவறான இடத்தில் போய் நிற்கும். இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகச் சொன்னாலும் ஒரே மாதிரி சொல்வது பரவாயில்லை. ஆக, இதை ஒரே இடத்தில் திருத்தக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தான்.

எனக்கு அந்தப் பதினொரு வரியை விட இந்த இரண்டு பக்கம்தான் பெரிதாகப் பட்டது. எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

இதையே இறுதியாண்டுத் திட்டமாகச் செய்கிறேன் என்று தன் கல்லூரியில் எழுதிக் கொடுத்தான். கோப்புப் பட்டியல் மட்டுமல்ல, அந்த இயங்குதளத்தில் இதே மாதிரி பைட்டை எண்ணும் மற்ற சிறு கட்டளைகளையும் தேடித் திருத்துவது, ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதுவது, பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவது என்று திட்டம். பதில் மூன்று வரியில் வந்தது. புதுமை போதாது. பயனாளர் யார் என்று தெளிவில்லை. வேலையின் அளவு குறைவு.

எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் இருந்த கட்டங்களை நிரப்பினார்கள், அவ்வளவுதான். தாளைப் பற்றித்தான் என் பேச்சு.

சரி, பையன் என்ன செய்தான்? நண்பர்கள் இரண்டு பேருடன் சேர்ந்து உணவங்காடி நிலையத்தில் காலி மேசை எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்று செய்தான். டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கிற நம் ஊர் வழக்கத்தை டிஜிட்டல் ஆக்குகிறார்களாம். வண்ண வண்ணத் திரை, சுவரொட்டி, இரண்டு நிமிடக் காணொளி. நல்ல மதிப்பெண். இலவச கிளவுட் கணக்குக் காலாவதியானதும் செயலி நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, செய்த மூவர் உட்பட. இன்றைக்கும் மேசை பிடிக்க டிஷ்யூதான்.

புதிதாகச் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் நாளைக்கு என்னிடம் வேலைக்கு வருகிறார்கள். வந்த முதல் நாளிலிருந்து அவர்கள் கையில் கிடைப்பது யாரோ எழுதிய, எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட நிரல். வெள்ளைத் தாளில் தொடங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மூன்று வருடம் படித்தவர்கள் அடுத்தவர் எழுதிய ஆயிரம் வரியை முழுசாக ஒருமுறை படித்ததில்லை. படி என்றால், திரும்ப எழுதிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், கப்பல்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். ஊழியர் பட்டியலில் ஒருவருடைய பிறந்த நாள் 1982 ஜனவரி 1. அடையாள அட்டையிலும் அதுதான். ஆனால் எங்கள் அறிக்கையில் அச்சாகும்போது மட்டும் 1981 டிசம்பர் 31 என்று வரும். தகவல் பதிந்த அக்காவுக்குத் திட்டு விழுந்தது. அவர் அழித்து அழித்து மூன்று முறை பதிந்தார். மூன்று முறையும் மனிதர் முந்தைய வருடமே பிறந்தார்.

எங்கள் நிரல் பிறந்த நாளை அன்றைய நள்ளிரவு 12 மணியாக வைத்துக்கொள்ளும். அங்கேதான் சிக்கல். 1981 முடியும்வரை சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முந்தி இருந்தது. மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர முடிவெடுத்தபோது நாமும் கூடவே எட்டு மணி நேரத்துக்கு மாறினோம். லினக்ஸ், பிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. 1980களிலிருந்து தன்னார்வலர்கள் பராமரித்து வருவது. அதில் இந்த மாற்றம் 1982 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணிக்கு நடந்ததாகப் பதிவாகியிருந்தது. அதாவது 12 அடிக்க வேண்டிய நொடியில் கடிகாரம் 12.30க்குத் தாவுகிறது. 12 மணி என்ற ஒன்று அன்றைக்குச் சிங்கப்பூரில் வரவே இல்லை. வராத நேரத்தில் பிறந்தவரைக் கணினி எங்கே வைக்கும்? அரை மணி பின்னால் தள்ளி டிசம்பர் 31 இரவு 11.30க்கு வைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. பெருமையாகத்தான் இருந்தது. பிறந்த நாளை நள்ளிரவுக்குப் பதில் நண்பகல் 12 மணியாக வைக்கும்படி எங்கள் நிரலை மாற்றினேன். அறிக்கை சரியாக வந்தது. மேலாளர் முதுகில் தட்டிக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அத்தோடு மறந்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது வேறு. டிசம்பர் 31 இரவு 11.30க்கே கடிகாரங்களை 12க்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஆண்டு நமக்குப் புத்தாண்டு அரை மணி முன்னதாகப் பிறந்தது. தவறு தரவுத்தளத்தில். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அதைக் கவனித்துச் சொல்ல, திருத்தம் ஏறியது. இப்போது நள்ளிரவு 12 மணி என்ற நேரம் இருக்கிறது; காணாமல் போனது அதற்கு முந்தைய அரை மணிதான். புதிய தரவு உள்ள எந்தக் கணினியிலும் அந்தக் கப்பல்காரர் சரியான நாளில் பிறப்பார், யாரும் நண்பகல் வித்தை எதுவும் செய்யாமலே.

இத்தனைக்கும் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தவன் நான். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களைக் கேட்டிருந்தால் அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு ஒரு மத்தியானம் போயிருந்தால் அன்றைய நாளிதழ் கிடைத்திருக்கும். போகவில்லை. பிழை எங்கே பிறந்தது என்று தேடிப் போகாமல், என் வீட்டு வாசலில் மட்டும் பெருக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்படித்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். அடுத்தவர் நிரலைத் திருத்தி அனுப்பலாம், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், வேறு ஊரில். 1970களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதன் மூலநிரலையே பாடமாக வைத்தார். ஏறத்தாழ 9,000 வரி. வரிவரியாக விளக்கக் குறிப்பும் எழுதினார். அந்த நிரலில் ஓர் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சிக்கலான பகுதியில், "இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாமல் மாணவர்களைப் புரிந்துகொள்ள வைத்தார் லயன்ஸ். அடுத்த பதிப்பின் உரிமத்தில் மூலநிரலை வகுப்பில் நடத்தக் கூடாது என்று யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி தடை போட்டது. விளைவு, அந்தக் குறிப்புகள் நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு, எழுத்து மங்கி மங்கி, கைமாறிக்கொண்டே இருந்தன. தடை இருந்ததால்தான் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் வகுப்புக்கென்றே மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதி 1987இல் வெளியிட்டார். அந்த மினிக்ஸைத் தன் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் 1991இல் தானே ஒன்று எழுதத் தொடங்கினார், அதுதான் லினக்ஸ். 2006இல் எம்ஐடியில் மறுபடியும் அந்த ஆறாம் பதிப்பின் அமைப்பையே பின்பற்றி எக்ஸ்வி6 என்று ஒன்றைப் பாடத்துக்காக எழுதினார்கள்.

இன்று தடை எதுவும் கிடையாது. லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிக்கு மேல் திறந்து கிடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி எல்லாமே வரலாற்றோடு கிடைக்கின்றன. எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார் என்பது உட்பட. மங்கிய நகலுக்கு அலைந்தவர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். நம் பிள்ளைகள் மேசை தேடும் செயலி செய்கிறார்கள்.

"புதுமை" என்ற கட்டத்தைப் பற்றி. 2008இல் ஓப்பன்பிஎஸ்டியின் ஓட்டோ மூர்பேக் நினைவகம் ஒதுக்கும் நிரலைப் புதிதாக எழுதிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஸ்பார்க் கணினிகளில் பெரிய சி++ நிரல்களைத் தொகுக்கும்போது எப்போதாவது ஒருமுறை எல்லாம் சரிந்து விழுந்தது. யாராக இருந்தாலும் தன் புதிய நிரலைத்தான் சந்தேகப்படுவார்கள். அவர் தடம் பிடித்துப் போனபோது குற்றவாளி யாக் என்ற பழைய கருவி. தன் எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. 33 ஆண்டுகளாக! யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக் காலத்திலிருந்து. பழைய ஒதுக்கீட்டு நிரல் தாராளமாக இடம் விட்டதால் வெளியே தெரியவில்லை. புதியது கறாராக இருந்ததால் மாட்டிக்கொண்டது. அதே ஆண்டில் அங்கேயே மார்க் பால்மர், கோப்பகங்களைப் படிக்கும் சி நூலகப் பகுதியில் 25 ஆண்டுப் பழைய பிழை ஒன்றைப் பிடித்தார். உங்கள் மதிப்பீட்டுத் தாளில் இந்த இரண்டு பேருக்கும் புதுமைக்கு எத்தனை போடுவீர்கள்? கேலிக்காகக் கேட்கவில்லை. நான் கூட்டிப் பார்த்தேன், தேர்ச்சி பெறுவது சிரமம்தான்.

"பயனாளர் யார்" என்பதற்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் லினக்ஸ் கெர்னல். ஐபோனின் அடியில் பிஎஸ்டி நிரல். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகள் அத்தனையிலும் லினக்ஸ். பயனாளருக்கா பஞ்சம்? பஞ்சம் பராமரிப்பவருக்குத்தான்.

அது எவ்வளவு மோசமான பஞ்சம் என்பது 2024 மார்ச்சில் தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியைப் பல வருடங்களாகப் பெரும்பாலும் ஒரே ஆள், ஊதியமின்றி, உடல்நிலையும் மனநிலையும் இடம் கொடுத்த நேரத்தில் பார்த்துவந்தார். ஏன் தாமதம் ஏன் தாமதம் என்று முகம் தெரியாத சிலர் அவரை அரித்தார்கள். உதவ வந்த இன்னொருவர் இரண்டு வருடம் நல்லபடியாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, கடைசியில் பின்கதவு ஒன்றை உள்ளே வைத்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு தன் கணினியில் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நோண்டியதால் அது பெரும்பாலான சர்வர்களைச் சென்றடையும் முன்பே பிடிபட்டது. அரை நொடி! நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அரை நொடியைப் பொருட்படுத்துவார்கள்? அந்த வாரம் நானும் இரவு பகலாக எங்கள் சர்வர்களில் பதிப்பு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை அந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பராமரிப்பு என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் வடக்கு தெற்குப் பாதையில் ரயில்கள் நின்ற அந்த இரண்டு நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். விசாரணைக் குழு அமைத்தார்கள். பிறகு மரக் கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டைகள் போட்டார்கள். கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்தான் தண்டவாளம் அவர்கள் கையில் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் கழற்றி, மாட்டி, சோதித்து, கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். காலையில் ஏறுகிறவருக்கு ஒன்றும் தெரியக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் பிழை திருத்துவதும் இதேதான். டோர்வால்ட்ஸ் அடிக்கடி கத்துவதே இதற்காகத்தான்: கெர்னலை மாற்றினால் மாற்று, ஆனால் நேற்றுவரை ஓடிய பயனாளர் நிரல் இன்றைக்கும் ஓட வேண்டும்.

இனி, உங்கள் பக்கத்து நியாயம்.

ஒரு வகுப்பையே அவிழ்த்துவிட்டால் அந்தப் பராமரிப்பாளர்கள் கதி என்ன ஆவது என்று நீங்கள் கேட்கலாம். சரியான பயம். 2020 அக்டோபரில், பேட்ச் எனப்படும் நிரல் திருத்தங்கள் சிலவற்றை அனுப்பினால் டி-சட்டை இலவசம் என்று ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் நிகழ்வில் குப்பை மழையாகக் கொட்டி, நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2021இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே பிழையுள்ள பேட்ச்களை லினக்ஸுக்கு அனுப்பி யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்த விவகாரம் வெடித்தது. லினக்ஸ் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதையுமே தடை செய்தார். இப்போது ஏஐ வேறு. பார்ப்பதற்கு அழகாக, படித்தால் நியாயமாக, ஓட்டினால் ஒன்றுமில்லாத பிழை அறிக்கைகள் வந்து குவிவதாகப் பராமரிப்பாளர்கள் புலம்புகிறார்கள்.

அதனால்தான், பேட்ச் ஏற்கப்பட்டதா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள் என்கிறேன். போட்டால் பிள்ளைகள் அந்த மனிதரை நச்சரிப்பார்கள். இறுதித் தேர்வு நெருங்குகிறது சார், தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் உங்கள் ஊழியர் இல்லை. அவருக்குத் தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டியிருக்கும். பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்ட முடிந்ததா, அதற்குப் போடுங்கள். பலருக்கு அங்கேயே ஒரு மாதம் போய்விடும், போகட்டும். எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று பிடித்தானா, அதற்குப் போடுங்கள். பத்தாயிரம் மாற்றங்களுக்குள் ஒன்று கெடுத்திருக்கிறது என்றால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 14 சோதனையில் வந்து நிற்கலாம்; மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் என்ற கருவியில் அதற்கு ஒரு கட்டளையே இருக்கிறது. அந்தப் பதினாலாவது சோதனை முடிந்து திரையில் ஒரே ஒரு மாற்றம் தனியாக நிற்கும் கணத்தை ஒரு மாணவி அனுபவித்துவிட்டால், பிறகு நீங்கள் அவளுக்கு ஊக்க உரை எதுவும் ஆற்ற வேண்டியதில்லை. அப்புறம், அவள் எழுதிய விளக்கத்தைப் படியுங்கள். மாற்றத்தோடு அனுப்பும் குறிப்பு, பத்து வருடம் கழித்து வேறொரு நாட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தாலும் புரிய வேண்டும். அதற்குத் தாராளமாகப் போடுங்கள். ஏஐயிடம் கேட்டு எழுதினாளா என்ற கவலைக்கு, எதிரே உட்கார வைத்து இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாலே போதும்.

வெளியே அனுப்புவதற்கு முன் உள்ளூரில் ஒருவர் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு ஆசிரியர் தலையில் எத்தனை குழுக்கள் விழுகின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். இந்த ஊரில் சர்வர் பார்க்கும் தமிழர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், மணிலாவிலிருந்தும் யாங்கூனிலிருந்தும் வந்தவர்கள் என்று ஏராளம் பேர். கூப்பிட்டால் பாதிப் பேராவது வருவார்கள். காசு வேண்டாம். கோப்பி போதும்.

வேலைக்குத் தட்டுப்பாடு வருமோ என்ற பயமும் வேண்டாம். 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி தாண்டியதும், நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய யூனிக்ஸ் கணக்கு நிரம்பி, 1901க்குத் திரும்பிப் போகும். நெட்பிஎஸ்டி 2012இலும் ஓப்பன்பிஎஸ்டி 2014இலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. லினக்ஸ் கெர்னலில் 32 பிட் கணினிகளுக்கான வேலை 2020இல்தான் முடிந்தது. ஆனால் அவற்றின் மேல் ஓடும் நிரல்களிலும், சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் மாட்டி மறந்துபோன சிறு பெட்டிகளிலும் எத்தனை பழைய கணக்கு ஒளிந்திருக்கிறதோ! இன்று உங்களிடம் படிப்பவர்களுக்கு அப்போது முப்பது வயது சொச்சம் இருக்கும். கூப்பிடுவது அவர்களைத்தான்.

சின்னதாகத் தொடங்க நம் மொழியிலேயே வேலை இருக்கிறது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் குனு சி நூலகத்தில் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் சிங்கப்பூர் என்று தனி வட்டார அமைப்புக் கோப்பு உண்டு. தமிழுக்கு இந்தியா உண்டு, இலங்கை உண்டு. நான் கடைசியாகப் பார்த்தபோது சிங்கப்பூர் இல்லை. நாணயக் குறியீடு, தேதி எழுதும் முறை, இரண்டு மூன்று பேரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய சில முடிவுகள், அவ்வளவுதான். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக நாணயத்தாளிலும் தமிழ் இருக்கிறது. கணினிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

என் அக்கா மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு நடுவில் தூக்கம், அம்மா சமையல், அப்புறம் அந்தப் பழைய மடிக்கணினி. போன மாதம் தன் பதினொரு வரியை அனுப்பி வைத்தான். பதில் மூன்று நாளில் வந்தது. எங்கோ ஐரோப்பாவிலிருந்து ஒருவர், வணக்கம்கூடச் சொல்லாமல் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். கோப்பின் பெயரில் முறையற்ற பைட் வந்தால் உன் நிரல் என்ன செய்யும்? மொழி அமைப்பே போடாத கணினியில் பழையபடி ஓடுமா?

பையன் இரண்டையும் யோசித்திருக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "மாமா, திட்டுறாரா இவர்?" என்றான். இல்லடா, உன் நிரலைப் படித்திருக்கிறார் என்றேன். ஒரு வருடத் திட்டத்தில் அவனுக்குக் கிடைக்காத கேள்விகள் அவை. திருத்தி அனுப்பினான், இன்னொரு கேள்வி வந்தது. போன ஞாயிறு சீருடையை மாட்டிக்கொண்டே மூன்றாவது முறை அனுப்பிவிட்டுப் போனான். பதினொரு வரி இப்போது பத்தொன்பது. பதில் இன்னும் வரவில்லை.

ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கியதும் தலைப்புகள் கேட்பீர்கள். பழுது பார்க்கும் தலைப்பு ஏதாவது வந்தால் அந்தப் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஈசூன் நூலகத்தில் இருப்பேன். மடிக்கணினியோடு சார்ஜரும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து, சர்வர் பார்க்கும் ஒருவன்